கொக்கியை நம்பி ஒரு பாதை

பகல் இரண்டு மணிக்கு மேல் சத்ரூவைத் தாண்டி வண்டியை விட ஸ்பிட்டி டிரைவர்கள் விரும்புவதில்லை. பெயர் தமிழ்க் காதுக்கு எதிரியை நினைவூட்டினாலும் சத்ரூ வெறும் ஊர்ப்பெயர்தான். ஊர் என்பதும் பெரிய வார்த்தை. சில தாபாக்கள், கூடாரங்கள், பக்கத்தில் இரைந்து ஓடும் சந்திரா நதி, அவ்வளவுதான். இங்கே எதிரி என்று ஒன்று உண்டென்றால் அது சாலையின் குறுக்கே பாயும் ஓடைகள். 'நாலா' என்கிறார்கள். காலையில் கணுக்கால் அளவு ஓடும் நாலா, மேலே பனியாறுகள் வெயிலில் உருக உருக, பிற்பகலில் முழங்காலைத் தொடுகிறது. தெளிந்த நீர் சாம்பல் நிறமாகிறது. அடியில் கிடக்கும் கல் எது, பள்ளம் எது என்று தெரிவதில்லை.

இமாசலப் பிரதேசத்தில் கிராம்பூவிலிருந்து பாதல் வரை சுமார் 50 கி.மீ. சமவெளியில் ஒரு மணி நேரப் பயணம். இங்கே நான்கைந்து மணி நேரம் ஆனால் யாரும் புகார் சொல்வதில்லை. கல்லும் சேறும் நீருமாக மாறி மாறி வரும் இந்தப் பாதை, பாதலுக்குப் பிறகு 4,500 மீட்டருக்கும் மேல் உயர்ந்த குன்சும் கணவாயில் ஏறி, ஸ்பிட்டியின் முதல் கிராமமான லோசரில் இறங்குகிறது. கோடையின் சில மாதங்கள் மட்டுமே திறந்திருக்கும்.

2020 அக்டோபர் 3 அன்று 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு மனாலியிலிருந்து இங்கு வருவது எளிதாகிவிட்டது. ரோதாங் கணவாயில் மூச்சிரைக்க ஏற வேண்டியதில்லை. சுரங்கத்தைவிட்டு வெளியேறி, கோக்ஸர் பக்கம் திரும்பினால் போதும். எளிதானது வருவது மட்டும்தான். முதல் நாலா முன்பு இருந்த மாதிரியேதான் இருக்கிறது. அதன் கரையில் இப்போது டெல்லி, சண்டீகர், பெங்களூர் பதிவெண்களுடன் பளபளக்கும் வண்டிகள் வரிசை கட்டுகின்றன. உயர்ந்த டயர், கூரையில் விளக்கு வரிசை, மூச்சுக் குழாய் எல்லாம் இருக்கும். வண்டி மாட்டிக்கொண்டால் கயிற்றை எங்கே கட்டுவது என்று கேட்டால்தான் உரிமையாளர் குனிந்து பம்பருக்கு அடியில் தேட ஆரம்பிப்பார்.

உள்ளூர் ஓட்டுநர்கள் முதலில் பார்ப்பதே அந்த இடத்தைத்தான். காரணம், நாலாவைக் கடக்கும் முறை. கூட்டமாக வரும் வண்டிகளில் ஒன்று முதலில் அக்கரை சேரும். இரண்டாவது நடுவில் நின்றுபோனால் முன்னால் போன வண்டி தன் பின்பக்கத்திலிருந்து கயிற்றை நீட்டும். பின்னால் இழுத்து வந்த வழியே மீட்பதுதான் பல நேரங்களில் சுலபம் என்றாலும், பின்னால் வண்டிகள் நெருக்கியிருக்கும் ஒற்றைத் தடச் சாலையில் அதற்கு வழியிருக்காது. அப்போது எல்லாமே முன்கொக்கியின் கையில். ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையிலிருந்து ராணுவத்துக்குப் போன ஸ்டாலியன் லாரிகளின் முகத்தில் இருபுறமும் கனத்த கொக்கிகள் இருப்பது அலங்காரத்துக்காக அல்ல.

கடையில் வாங்கும் பிக்அப் வண்டியிலும் முன்னால் ஒரு வளையம் இருக்கும். வம்பு அங்கேதான் ஆரம்பம். அந்த வளையங்களில் பல, வண்டியைக் கப்பலிலோ டிரெய்லரிலோ ஏற்றி இறுக்கிக் கட்டுவதற்காக வைத்தவை. பம்பரில் திருகிச் செருகும் கொக்கியோ, தார்ச்சாலையில் பழுதாகி நின்ற வண்டியை மெல்ல இழுத்துப் போவதற்கானது. உருளும் வண்டியை இழுக்க அதிக விசை தேவையில்லை. இரண்டு டன் வண்டியைச் சமதரையில் நாலு பேர் தள்ளிவிடுவார்கள். அதே வண்டி அச்சு வரை சேற்றில் இறங்கினால் அதன் எடைக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ விசை வேண்டியிருக்கும். அதற்கு மேல், இப்போது பலரும் கொண்டுவரும் நைலான் மீட்புக் கயிறு ரப்பர் போல நீள்வது. இழுக்கும் வண்டி சற்று ஓடிவந்து இழுக்கும்போது கயிறு நீண்டு, அந்த வேகத்தைத் தன்னுள் சேர்த்துவைத்து, பிறகு வெடுக்கென்று சுருங்குகிறது. நன்றாக வேலை செய்யும் கருவி. ஆனால் மறுமுனையில் இருக்கும் வளையம் பிய்த்துக்கொண்டால் கயிறு உண்டிகோலாகிவிடும். கல்லுக்குப் பதில் இரும்பு பறக்கும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றைப் போட்டு, அது முறிந்து பறந்து வந்து ஆஸ்திரேலியாவில் உயிர்கள் போயிருக்கின்றன. போனவர்களில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு.

ஆகவே மனாலிப் பக்கத்து மெக்கானிக் ஷெட்டில் ஒரு பிக்அப்புக்கு உறுதியான முன்கொக்கி மாட்டும் வேலை, பார்ப்பதற்கு எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும், கூடவே வரப்போகிறவர்களின் மண்டையைக் காப்பாற்றும் வேலை. உஸ்தாத் முதலில் அடியில் உள்ள தகட்டுக் காப்பைக் கழற்றுகிறார். பம்பரைப் பிடித்திருக்கும் மெல்லிய தகடுகளை அவர் பொருட்படுத்துவதில்லை. அவருக்கு வேண்டியது சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்கள், அவற்றின் முன்முனைகள். வண்டி முழுவதையும் சுமப்பது அதுதான். இழுவையையும் அதுதான் தாங்க வேண்டும். சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் துளைகளில் பொருந்துமாறு வெட்டிய கனத்த எஃகுத் தகடு, ஒவ்வொரு பக்கமும் ஒன்று. ஒரே போல்ட்டில் தொங்காமல் பல போல்ட்டுகளுக்குச் சுமை பிரிய வேண்டும்.

போல்ட்டின் தலையைத் திருப்பிப் பார்ப்பது அவர் வழக்கம். 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். எண் பெரிதானால் எஃகு வலியது. எண்ணே இல்லாத போல்ட் தராசில் போட்டு விற்கும் சரக்கு. கதவுக்கு ஆகும், இதற்கு ஆகாது. பெட்டி வடிவச் சட்டத்தின் குறுக்கே போல்ட் போகும் இடத்தில் உள்ளே ஒரு குழாய்த் துண்டைச் செருகுகிறார். இல்லாவிட்டால் இறுக்க இறுக்கச் சட்டமே நசுங்கிவிடும். வெல்டிங் வைத்தால் அரை மணியில் முடியுமே என்று அவசரப்படுபவர்கள் உண்டு. சூடு பட்ட இடத்தில் எஃகின் குணம் மாறுகிறது. மோசமான வெல்டிங் வெளியிலிருந்து பார்க்க நல்ல வெல்டிங் போலவே இருக்கும். தெரியவருவது நாலாவின் நடுவில்.

சட்டமும் ஒரு பக்கம் இருக்கிறது. காட்டுமாடு போல முகத்தில் கம்பிகள் வைத்த பம்பர் காவல்களுக்கு எதிராக மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. தயாரிப்பாளரின் மூல வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. ராணுவ ஜீப் தோற்றத்துக்காக வண்டியின் முகத்தையே வெட்டியெறிபவர்களுக்கு இது கசக்கும். அசல் பம்பரைத் தொடாமல் அதன் அடியில் பூட்டும் இரண்டு கொக்கிகளை விவரமறிந்தவர்கள் விரும்புவதில் இதற்கும் பங்குண்டு.

இரண்டு ஏன் என்றால், ஒன்றில் மட்டும் இழுத்தால் சட்டத்தின் ஒரு காலுக்கே முழுச் சுமையும் போகிறது. இரண்டு கொக்கிகளையும் ஒரு குட்டைப் பட்டையால் இணைத்து, அதன் நடுவில் கயிற்றைப் பூட்டினால் சுமை பங்காகிறது. கொக்கி நேராக இழுப்பதற்கானது. பக்கவாட்டில் வெட்டி இழுத்தால் எவ்வளவு கனமான தகடும் வளையும்.

மறுநாள் அதிகாலை, சத்ரூவைத் தாண்டி ஒரு நாலாவின் நடுவில் அந்த பிக்அப் நிற்கிறது. முன்சக்கரம் இரண்டு கற்களுக்கு இடையில் இறங்கிவிட்டது. அக்கரையில் ஒரு பொலேரோ கேம்பர் காத்திருக்கிறது. அதன் கிளீனர் பையன் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு பனிநீரில் இறங்குகிறான். ஷேக்கிள்களைக் கொக்கிகளில் கோத்து, ஆணிகளை முழுக்க முறுக்கி, பிறகு கால் சுற்று தளர்த்துகிறான். சுமை ஏறிய பிறகு கழற்ற வராமல் இறுகிக்கொள்ளக் கூடாது. கயிற்றின் நடுவில் ஒரு பழைய கம்பளியைப் போடுகிறான். அறுந்தால் கயிறு பறக்காமல் அது அழுத்தும். படம் எடுக்க நெருங்கி வந்த இருவரைக் கையசைத்துத் தூர விரட்டுகிறான். கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளிப் போகும்வரை அவன் டிரைவருக்குச் சைகை காட்டுவதில்லை.

பொலேரோ மெல்ல நகர்கிறது. கயிறு விறைக்கிறது. பிக்அப்பின் மூக்கு லேசாக எழும்பி, கல்லை உரசி, கரையேறுகிறது. மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பையன் கம்பளியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொள்கிறான். பிக்அப்பின் சொந்தக்காரர் குனிந்து, போல்ட்டுகளில் உஸ்தாத் வைத்த வெள்ளைப் பெயின்ட் கோடுகள் விலகியிருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார். விலகவில்லை. பாதலுக்கு இன்னும் மூன்று மணி நேரம். குன்சும் உச்சியில் எல்லா டிரைவர்களையும் போல இவர்களும் தேவி கோயிலை வண்டியோடு ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் இறங்குவார்கள்.