கருவியைப் பேணுதல்

கருவி இன்றித் தொழில் இல்லை. பேணுதல் இன்றிக் கருவி இல்லை. உழவர்க்கு ஏரும் எருதும் போலவே அறுக்கும் கருவிகளும் இன்றியமையாதன. நெல்லை அறுப்பதும் வைக்கோலை நறுக்குவதும் இரும்பின் கூர்மையாலே நடைபெறுகின்றன. அக்கூர்மை என்றும் நிலைத்திராது. உழைக்க உழைக்கத் தேயும். தேய்ந்ததைத் திருத்துவதும் உழவுத் தொழிலின் ஒரு பகுதியே ஆகும்.

பள்ளிப் பணியினின்று ஓய்வு பெற்றபின், உத்திரமேரூரை அடுத்த எங்கள் சிற்றூரில் சிறிது நிலத்தையும் இரண்டு பசுக்களையும் யான் பேணி வருகின்றேன். எங்கள் தொழுவத்தில் தீவனம் நறுக்கும் எந்திரம் ஒன்று உண்டு. அஃது என் தந்தையார் வாங்கியது. பெரிய இரும்புச் சக்கரம் ஒன்று. அதன் ஆரங்களில் பொருத்திய வளைந்த கத்திகள் இரண்டு. வைக்கோலை உள்ளே இழுக்கும் பல்லுருளைகள் இரண்டு. அவற்றின் வாயிலில் அசையாது நிற்கும் இரும்புத் தகடு ஒன்று. இவையே அதன் முதன்மையான உறுப்புகள். கைப்பிடியைப் பற்றிச் சுழற்றினால் உருளைகள் வைக்கோலை முன்னே தள்ளும்; கத்திகள் அதனைத் தகட்டின் விளிம்பில் வைத்து நறுக்கும். நீண்ட வைக்கோலை மாடு இழுத்து உதறிக் காலால் மிதித்துப் பாழாக்கும். நறுக்கிய தீவனமோ அத்துணை வீணாவதில்லை. சிறு நிலம் உடையவனுக்கு ஒரு பிடி வைக்கோலும் பெரும்பொருள் அன்றோ?

சென்ற தை அறுவடைக்குப்பின் அவ்வெந்திரம் செவ்வனே நறுக்கவில்லை. வைக்கோல் அறுபடாமல் மடங்கிச் சிக்கிக்கொண்டது. “தாத்தா, இதனைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதியது வாங்கலாமே!” என்றான் என் பெயரன். “நோய் இன்னது என்று அறியுமுன் நோயாளியைக் கைவிடலாமா, அப்பா?” என்று கூறி, ஊர்க் கொல்லரை வரவழைத்தேன்.

அவர் வந்தவுடன் கத்தியைத் தொடவில்லை. முதலில் ஒரு கயிற்றால் சக்கரத்தைத் தூணோடு பிணித்தார். பெயரன் காரணம் வினவினான். “தம்பி, ஒரு கத்தியைக் கழற்றினால் மற்றொரு கத்தியின் கனத்தால் சக்கரம் தானே சுழலும். விரல் போனால் திரும்ப வருமா?” என்றார் அவர். பிறகு என்னை நோக்கி, “ஐயா, குற்றம் இரண்டு. கத்தி மழுங்கியிருக்கின்றது, கத்திக்கும் தகட்டுக்கும் இடைவெளியும் விழுந்திருக்கின்றது” என்றார்.

கத்தியின் சரிவான பக்கத்தை மட்டும் அவர் கல்லில் தீட்டினார். தகட்டை உரசிச் செல்லும் தட்டையான பக்கத்தைத் தேய்க்கவில்லை. அடிக்கடி கத்தியை நீரில் நனைத்தார்; சூடு மிகுந்தால் எஃகு தன் உரத்தை இழந்துவிடும். அச்சைத் தாங்கும் வளையம் தேய்ந்திருந்தமையால் அதனை மாற்றினார். பற்சக்கரங்களைத் துடைத்து எண்ணெய் இட்டார். கத்திகளை மீண்டும் பொருத்தித் திருகாணிகளை முடுக்கியபின், நீண்ட தாள் ஒன்றைக் கத்திக்கும் தகட்டுக்கும் இடையே நீட்டிச் சக்கரத்தை மெல்லச் சுழற்றினார். தாள் மடங்காமல் நேராக அறுபட்டது. மற்றொரு கத்தியையும் அவ்வாறே சோதித்த பிறகே அவர் மனநிறைவு கொண்டார்.

இவ்வெந்திரத்தால் வட இந்தியச் சிற்றூர்களில் சிறுவர் பலர் விரல் இழந்துள்ளனர். ஆதலின் வைக்கோலைக் கோலால் தள்ளுதல் வேண்டும். வேலை முடிந்ததும் சக்கரத்தைச் சங்கிலியிட்டுப் பூட்டுதல் வேண்டும். பழுது பார்த்தல் என்பது கருவியைக் காப்பது மட்டும் அன்று, கையையும் காப்பதாகும்.

பழுதுற்ற கருவி இகழத்தக்கது அன்று. காஞ்சியை ஆண்ட தொண்டைமானிடம் அதியமானின் தூதராகச் சென்ற ஔவையார் பாடிய பாடல் புறநானூற்றில் 95-ஆம் பாட்டாக உள்ளது. தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க மனையில் பொலிந்தன. அதியமானின் படைக்கலங்களோ நுனி சிதைந்து கொல்லனின் சிறு கூடத்தில் கிடந்தன. எவை உழைத்தவை என்பதை ஔவையார் குறிப்பால் உணர்த்தினார். போர்க்கருவிக்குப் பொருந்திய இவ்வுண்மை உழவுக் கருவிக்கும் பொருந்தும்.

உத்திரமேரூரின் பெருமையும் இதனை ஒட்டியதே. முதற் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள், குடவோலை முறையால் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்ததை விளக்குகின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். ஏரியை வெட்டியதோடு கடமை முடிந்ததென்று நம் முன்னோர் கருதவில்லை; அதனைப் பேணுதற்கென்றே ஆண்டுதோறும் புதியவரைத் தேர்ந்தெடுத்தனர்.

மாணவர்களே! புதியன வாங்குதல் பொருள் உடையார் எவர்க்கும் எளிது. உள்ளதன் இயல்பை அறிந்து, குறையைக் கண்டு, அதனைச் சீர்செய்து பயன்கொள்ளுதல் அறிவுடையார் செயல். மிதிவண்டியாயினும், நூலாயினும், ஏரியாயினும், பழுது சிறிதாக இருக்கும்போதே திருத்துங்கள். திருத்தும் கைத்தொழிலாளரை மதியுங்கள், அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.