தொட்டுத் தடவும் மருந்து

மருந்துகளை அவை உடலிற் சேரும் வழியைக் கொண்டு வகுப்பது வைத்திய நூல்களின் மரபு. உண்பன, ஊசியால் ஏற்றுவன, மேலே பூசுவன என்பன அவ்வகைகளுட் சில. இவற்றுட் களிம்புக்கு மட்டும் ஒரு தனி இயல்பு உண்டு. குளிசையை உணவில் மறைத்துக் கொடுக்கலாம். ஊசி மருந்தை ஒரு கணத்தில் ஏற்றிவிட்டு விலகலாம். களிம்பையோ தொடாமலும் பொறுமையோடு நில்லாமலும் கொடுத்தல் இயலாது. நோயுற்றவர் மனிதராயின் இது பெரிய விடயமன்று. நோயுற்றது நாயோ பூனையோ ஆயின், அதிலும் தனக்கென ஒரு வீடில்லாத நாயோ பூனையோ ஆயின், இச்சிறு இயல்பே வைத்தியத்தின் முதன்மையான சிக்கலாகி விடுகின்றது.

திருகோணமலைத் துறைமுகத்தையும் அதனை அடுத்த கடற்கரைகளையும் அறிந்தோர்க்கு இது புதிதன்று. வள்ளம் கரை சேரும் இடத்திற் பூனைகள் காத்திருக்கின்றன. மீன் வெட்டும் வாடியின் ஓரத்தில் நாய்கள் படுத்திருக்கின்றன. அவை பட்டினி கிடப்பதில்லை. மீன் தலையும் குடலும் எறியப்படுகின்றன. கடையிற் பழைய பாண் எறியப்படுகின்றது. ஆயின், எறிந்து கொடுக்கக் கூடியதே இக்கரையில் அவற்றுக்குக் கிடைக்கின்றது. எறிந்து கொடுக்க முடியாதது களிம்பு. ஆகவேதான் வயிறு நிறைந்த நாய் ஒன்று மயிர் உதிர்ந்து, காது நாறி, தலையைச் சாய்த்து உதறியபடி அலைவதைக் காண நேருகின்றது.

இவ்விடத்துத் தட்பவெப்பமும் நோய்க்குத் துணை போகின்றது. கச்சான் வீசும் மாதங்களில் வெக்கை மிகுதி. ஐப்பசி தொடங்கி வடகீழ்ப் பருவ மழை பெய்யும் காலத்தில் ஈரம் உலர்வதில்லை. நாயின் காதோ ஈரத்தைச் சேர்த்து வைப்பதற்கென்றே அமைந்தது போன்றது. மனிதனின் செவித் துளை ஏறக்குறைய நேராக உட்செல்வது. நாயினது செவித் துளை முதலிற் கீழ்நோக்கி இறங்கிப் பின்னர் உட்புறமாகத் திரும்புவது. ‘ட’ என்னும் எழுத்தை நினைத்துக் கொண்டால் அதன் வடிவம் விளங்கும். இறங்கிய நீரும் அழுக்கும் எளிதில் வெளியேறா. நலமுள்ள தோலிலும் வாழும் மலசேசியா என்னும் மதுவப் பூஞ்சையும், ஸ்ரபிலோகொக்கசு வகைப் பற்றீரியாவும் அங்கே பெருகத் தொடங்குகின்றன. பூனையின் காதிற் பெரும்பாலும் வேறொரு காரணம் இருக்கும். கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் காதுச் சிற்றுண்ணி அது. அது குடியேறிய காதில் கோப்பித் தூள் போன்ற கருமையான அழுக்குச் சேரும். தோலிலும் இவ்வாறே காரணங்கள் பல. தோலைத் துளைத்து வாழும் சொறி உண்ணி, தெள்ளு, படர்தாமரைப் பூஞ்சை என்பன யாவும் மயிர் உதிர்ந்த ஒரே வகைத் தோற்றத்தைத் தரக்கூடியன. இவற்றுட் சொறியும் படர்தாமரையும் அப்பிராணிகளைத் தூக்கி விளையாடும் சிறுவர்க்கும் தொற்றுவன.

தோற்றம் ஒன்றாகவும் காரணம் பலவாகவும் இருக்குமிடத்தில், எல்லாவற்றுக்குமான ஒரு மருந்தை மனம் நாடுதல் இயல்பு. அத்தகைய மருந்து ஒன்று உருவானமைக்கும் வரலாறு உண்டு. 1949இல் நியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி அறிவிக்கப்பட்டது. 1950இல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண் ஆய்வாளர்கள் பூஞ்சைக்கெதிரான நிஸ்ரற்றினை வெளிப்படுத்தினர். 1952இல் ஹைட்ரோகோட்டிசோனைத் தோலிற் பூசினால் அழற்சி தணியும் என்பது காட்டப்பட்டது. பற்றீரியாவுக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, வீக்கத்துக்கும் அரிப்புக்கும் ஒன்று என மூவகை மருந்துகளும் பின்னர் ஒரே குழாயில் அடைக்கப்பட்டன. மிருக வைத்தியத்தில் அக்குழாய் செய்த நன்மை பெரிது. ஆயினும் அதன் வசதியே அதன் ஆபத்துமாயிற்று. காரணம் எதுவாயினும் ஓரளவு பயன் தருவதாற் காரணத்தைக் கேட்கும் வழக்கம் குன்றியது.

“தம்பி, நாய்க்குக் காதில சீழ், ஏதும் களிம்பு இருந்தாத் தாங்கோ” என்று மருந்துக் கடையிற் கேட்பவரின் இரக்கத்தில் ஐயமில்லை. ஆயினும் அந்தக் காதின் அடியிலுள்ள செவிப்பறை கிழிந்துள்ளதா என்பது அவருக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. கிழிந்திருப்பின் நியோமைசின் உட்செவியை அடைந்து கேட்கும் புலனையே கெடுத்துவிடலாம். அழுக்கைக் கழுவாது பூசிய களிம்பு அழுக்கின் மேலேயே தங்கிவிடும். சொறி உண்ணியோ படர்தாமரையோ உள்ள தோலில் அழற்சி தணிக்கும் மருந்தை மட்டும் பூசினால், அரிப்புச் சிலநாள் அடங்க, நோய் உள்ளே பரவும். மிருக வைத்தியர் கருவி கொண்டு காதினுள்ளே பார்ப்பதும், தோலைச் சுரண்டி உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்குவதும் இதனாலேயே.

களிம்பைத் தேடிச் செல்லாதோர் மற்றொரு வழியைக் கைக்கொள்கின்றனர். படகுகளும் லொறிகளும் உள்ள ஊரிற் கழித்த இயந்திர எண்ணெய்க்குக் குறைவில்லை. அதனைச் சொறி பிடித்த நாயின் மேல் ஊற்றிவிடும் பழக்கம் இலங்கையிலும் இந்தியாவிலும் பல இடங்களில் உண்டு. தூர நின்றே செய்யக்கூடிய வைத்தியம் என்பதே அதன் கவர்ச்சி போலும். அவ்வெண்ணெய் புண்ணைச் சுடும். நாய் நக்கும்போது நஞ்சாய் உட்செல்லும். பூனையின் நிலை இன்னும் இக்கட்டானது. அது தன் உடல் முழுவதையும் நாவினாலேயே தூய்மை செய்யும் பிராணி. பூனைக்குப் பூசியது பூனைக்கு ஊட்டியதே. நாய்த் தெள்ளுக்கு உதவும் பேமெத்திரின் மருந்து பூனையைக் கொன்றுவிடலாம் என்பதை அறியாது ஒன்றை மற்றதற்கு இடுவோர் உளர்.

விலங்குக்கு வைத்தியம் செய்தல் இம்மண்ணுக்கு அந்நியமான கருத்தன்று. மனிதர்க்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் கிடைக்கச் செய்ததாகக் கூறும் அசோகனின் இரண்டாம் பாறைக் கட்டளை, சோழ பாண்டியரோடு தாமிரபரணியையும் சுட்டுகின்றது. பாம்பொன்றின் நோயைத் தீர்த்த புத்ததாச மன்னனைச் சூளவம்சம் பேசுகின்றது. எனினும் அண்மை நூற்றாண்டுகளில் நாய் பற்றிய அரச கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது விசர்நோயே. 1893ஆம் ஆண்டின் விசர்நோய்க் கட்டளைச் சட்டம் முதல், கட்டாக்காலி நாய்களைக் கொல்வதில்லை என்னும் 2006ஆம் ஆண்டுக் கொள்கையும், அதன் பின் முதன்மை பெற்ற தடுப்பூசியும் கருத்தடையும் வரை அனைத்தும் அதனைச் சுற்றியே அமைந்தன. அது நியாயமானதே. ஆனால் தடுப்பூசி ஒருநாட் பணி. காதுக்குரிய களிம்பு பல நாட் பணி. நாளொன்றுக்கு ஒருமுறையோ இருமுறையோ வீதம் ஒரு கிழமை, இரு கிழமை எனத் தொடர வேண்டுவது. அரைகுறையாய் நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத பற்றீரியாவே எஞ்சி வளரும்.

தொடாத வைத்தியமும் இன்று ஓரளவு வந்துவிட்டது. 2014 முதல் வழக்குக்கு வந்த புளூறலனர் போன்ற குளிசைகள் தெள்ளையும் உண்ணியையும் பல கிழமைகளுக்குத் தடுப்பன; சொறிக்கும் பயன்படுவன. ஒரு மீன் துண்டினுள் வைத்து எறிந்தாற் போதும். ஆயின் விலை ஏழைக் கைக்கு எட்டுவதன்று. சீழ் பிடித்த காதை அவை ஆற்றுவதுமில்லை. காதைத் திறந்து பார்க்க ஒரு கை தேவைப்பட்டே தீரும்.

அந்தக் கை யாருடையது என்பதே வினா. கால்நடை வைத்தியர் நோயை இனங்காணலாம், மருந்தை எழுதலாம். காலையும் மாலையும் வாடிக்கு வந்து நிற்றல் அவரால் ஆகாது. அறியாதவர் துணிந்து தொடுதலும் தகாது. நோகும் காதைத் தொட்டால் நல்ல நாயும் கடிக்கும். விசர்நோய் உள்ள நாட்டிற் கடி சிறிய விடயமன்று. கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலை செல்லல் வேண்டும். ஆகவே தடுப்பூசி முந்தியது, களிம்பு பிந்தியது. இவ்விரண்டுக்கும் நடுவே நாய் அஞ்சாது அணுகும் ஒருவர் வேண்டும்.

அவர் பெரும்பாலும் ஏற்கெனவே அங்கே இருக்கிறார். நாள்தோறும் ஒரே நேரத்தில் மீன் தலையை எறிபவரே அவர். எறிவதை விட்டுக் கையிலிருந்து கொடுக்கத் தொடங்கும் நாளிலிருந்து வைத்தியம் சாத்தியமாகின்றது. ‘இது எங்கள் நாயன்று’ என்று அவர் சொல்லக்கூடும். ஆயினும் வைத்தியர் சொற்படி பத்து நாள் ஒரே கையாற் களிம்பு பூசப்பெற்ற நாய், பதினோராம் நாள் கட்டாக்காலி அன்று.