சாவியை யார் கையில் கொடுப்பது?



சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, நம் சபைச் சகோதரர் ஒருவர் என்னைக் காண வந்தார். காரைக்குடியில் பலகாரத் தொழில் செய்பவர். தேன்குழல், கைமுறுக்கு, சீப்புச்சீடை, மாவுருண்டை என்று அவருடைய தகப்பனார் ஒற்றை அடுப்போடு தொடங்கிய தொழில் இன்று முப்பது குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. வந்தவர் பையிலிருந்து மூன்று வண்ணத் துண்டறிக்கைகளை எடுத்து என் மேசைமேல் பரப்பினார். மூன்றும் தலைமைத்துவப் பயிற்சி பற்றியவை. ஒன்று சென்னையில் ஒரு நட்சத்திர விடுதியில் இரண்டு நாள். மற்றொன்று கொடைக்கானலில் ஐந்து நாள் முகாம். மூன்றாவது, கைப்பேசி வழியாக ஆறு மாதம் நடத்தும் வகுப்பு.

"ஐயா, கடையைப் பார்க்க ஒருவர், அடுப்படியைப் பார்க்க ஒருவர், வெளியூர் ஆர்டரைப் பார்க்க ஒருவர் என்று மூன்று பேரைப் பொறுப்புக்குக் கொண்டுவர வேண்டும். எனக்கு நெஞ்சுவலி வந்துபோனது உங்களுக்குத் தெரியும். இவற்றில் எந்தப் பயிற்சிக்கு அவர்களை அனுப்பலாம்? ஜெபித்துச் சொல்லுங்கள்" என்றார்.

வியாபாரம் நான் அறிந்த துறையன்று. ஆகவே ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "தம்பி, நீங்கள் மருத்துவமனையில் இருந்த ஒன்பது நாளும் கடைப் பெட்டிச் சாவி யாரிடம் இருந்தது?"

அவர் சற்றே வெட்கத்துடன் சிரித்தார். "என் தலையணைக்கு அடியில்தான், ஐயா."

நானும் சிரித்தேன். ஆனால் அவர் போன பிறகு அந்தப் பதில் என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. காரணத்தை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் ஊழியம் செய்தபோது, வாலிபர் ஐக்கியத்தில் துடிப்பான ஒரு தம்பி இருந்தார். சபையார் காணிக்கை சேர்த்து அவரை நான்கு நாள் தலைமைத்துவ முகாமுக்கு அனுப்பினோம். நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிக்கொண்டு, முகமெல்லாம் ஒளியாகத் திரும்பி வந்தார். "ஐயா, இந்த ஆண்டு அசன விருந்துக்குச் சாமான் வாங்குவதையும் கணக்கெழுதுவதையும் நாங்கள் பார்க்கிறோம்" என்று கேட்டார். "இந்த ஆண்டு நான் பார்த்துக்கொள்கிறேன், அடுத்த ஆண்டு செய்யலாம்" என்றேன். அடுத்த ஆண்டும் அதையே சொன்னேன். மூன்றாம் ஆண்டு அவர் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். ஒருநாள் பேருந்து நிலையத்தில் கண்டு காரணம் கேட்டேன். "கற்றுக்கொண்டதை வைக்க நம் சபையில் இடமில்லை, ஐயா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறிப்போனார். முகாம் நல்ல முகாம்தான். சபையின் சாவி என் தலையணைக்கு அடியில் இருந்தது.

பிரியமானவர்களே, இந்தப் பாடத்தை நான் தூரதேசத்தில் தேடியிருக்க வேண்டியதில்லை. நாம் வாழும் மண்ணிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் காரைக்குடியிலும் பர்மாத் தேக்குத் தூண்கள் நிற்கும் பெரிய வீடுகளை நாள்தோறும் கடந்து போகிறோம். அந்தச் செல்வத்தைத் தேடியவர்கள் எப்படிப் பயிற்றுவிக்கப்பட்டார்கள் என்று நாம் நினைத்துப் பார்த்ததில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நகரத்தார்கள் இலங்கை, பர்மா, மலாயா என்று கடல் கடந்து லேவாதேவி நடத்தினார்கள். முதல் போட்டவர் இங்கே ஊரில் இருப்பார். கடை இரங்கூனிலோ பினாங்கிலோ இருக்கும். நடுவில் கடல். கடிதம் போய்ச் சேரவே பல நாள் ஆகும். அப்படியிருக்கப் பெட்டியை யாரை நம்பி ஒப்படைப்பது?

அதற்கு அவர்கள் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார்கள். வீட்டிலேயே மனக்கணக்குப் பழகிய சிறுவன், மீசை அரும்புமுன்பே பெட்டியடிப் பையனாகக் கடைக்குப் போவான். கடையைக் கூட்டுவான், ஏவிய வேலைக்கு ஓடுவான், பணப்பெட்டியின் அருகில் இருந்து பெரியவர்கள் கடன் கேட்டு வருவோரிடம் பேசுவதைக் கவனிப்பான். தேறியபின் அடுத்தாள் ஆவான். கணக்கெழுதுவதும் வசூலுக்குப் போவதும் அவன் வேலை. அதிலும் நம்பிக்கை பெற்றபின் மேலாளாக உயர்ந்து, முதலாளியின் பெயரால் கடையையே நடத்துவான். சம்பளச் சீட்டு எழுதிக் கொடுத்துப் பெரும்பாலும் மூன்று ஆண்டுக் கெடுவில் போவார்கள்; ஐந்தொகை எடுத்து ஊருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும்கூடப் பிறர் கடையில் அடிநிலையிலிருந்து வேலை பழகியதுண்டு.

1937 பிப்ரவரி 10 அன்று எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் கிளைகள் திறக்கப்பட்டன. ஒருவர் ஒரே நாளில் மூன்று ஊர்களில் இருக்க முடியாது. பொறுப்பைத் தாங்கக்கூடிய ஆட்கள் முன்னரே உருவாகியிருந்ததால்தான் அது கைகூடியது.

வேதத்திலும் இதே ஒழுங்கைக் காண்கிறோம். மூன்று ராஜாக்கள் தண்ணீரில்லாமல் தவித்துத் தீர்க்கதரிசி ஒருவரைத் தேடியபோது, எலிசா எப்படி அறிமுகம் செய்யப்பட்டார்? எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தவர் என்று. அவருக்கு அதுவே நற்சான்றிதழாக இருந்தது. நம் ஆண்டவரும் பன்னிருவரைத் தெரிந்துகொண்டபோது முதலில் தம்மோடுகூட இருக்கும்படி வைத்துக்கொண்டார். பின்பு இரண்டிரண்டு பேராக அனுப்பினார். திரும்பி வந்து அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டார். களைத்தவர்களை இளைப்பாற அழைத்துச் சென்றார். அவர்கள் பலமுறை தவறியும் அவர்களை மாற்றிவிட்டு வேறு பன்னிருவரைத் தேடவில்லை.

அப்படியானால் பயிற்சி வகுப்புகள் வீண் என்று சொல்கிறேனா? இல்லை. இருபது ஆண்டு அடுப்படியில் நின்ற ஒருவருக்கு மாவின் பதம் தெரியும். வரவுசெலவுக் கணக்கைப் படிப்பதையும், கூட வேலை செய்பவரை மனம் நோகாமல் திருத்துவதையும் யாராவது கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும். ஆகவே மறுவாரம் அந்தச் சகோதரரிடம் நான் சொன்னவற்றை உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலாவது, குறை என்னவென்று எழுதுங்கள். கணக்குத் தெரியாததா, ஆட்களுக்குள் பிணக்கா, அல்லது முதலாளி எதையும் விடாமல் பிடித்திருப்பதா? நோய் இன்னதென்று அறியாமல் மருந்துக் கடைக்குப் போகலாகாது. கணக்கும் நிர்வாகமுமே குறை என்றால், தூரத்து விடுதிகளுக்குப் பணம் கட்டுமுன் நம் அழகப்பா பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறையிலும், கிண்டியிலுள்ள தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்திலும் விசாரியுங்கள்.

இரண்டாவது, யார் கற்பிக்கிறார், எந்த மொழியில் என்று கேளுங்கள். உங்கள் அடுப்படியை நடத்தும் அக்கா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஆங்கில வகுப்பில் இரண்டு நாள் தலைகுனிந்து அமர்ந்திருந்தால், இருந்த தைரியத்தையும் இழந்து திரும்புவார்.

மூன்றாவது, வகுப்பு முடிந்தபின் என்ன நடக்கும் என்று கேளுங்கள். டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-இல் பயிற்சிகளை அளக்க நான்கு படிகள் சொன்னார்: கலந்துகொண்டவர் மகிழ்ந்தாரா, கற்றாரா, வேலையில் அவர் நடந்துகொள்ளும் விதம் மாறிற்றா, அதனால் தொழிலுக்குப் பலன் கிடைத்ததா. கடைசி நாளில் ஒரு தாளைக் கொடுத்து "எப்படி இருந்தது?" என்று கேட்பது முதற்படி மட்டுமே. மூன்று மாதம் கழித்து உங்கள் பட்டறைக்கு வந்து பார்ப்பார்களா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கே பலர் விலகிவிடுவார்கள்.

நான்காவது, அவர் புறப்படுமுன், திரும்பி வந்ததும் எந்தப் பொறுப்பை அவரிடம் கொடுப்பீர்கள் என்று எழுதி வையுங்கள். எவ்வளவு தொகைவரை உங்களைக் கேட்காமல் அவர் வாங்கலாம்? தவறு நேர்ந்தால் அந்த நட்டத்தை யார் ஏற்பது? இதை எழுத முடியாவிட்டால் பயிற்சிக்குக் கட்டும் பணத்தை மிச்சப்படுத்துங்கள். நான் அந்தத் தம்பிக்குச் செய்ததை நீங்கள் செய்ய வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. அதை நம் மண்ணின் கதையிலிருந்தே சொல்ல வேண்டும். 1930-ஐ ஒட்டி உலகப் பொருளாதார வீழ்ச்சியில் பர்மாவில் நெல் விலை சரிந்தது. விவசாயிகளால் கடனைத் திருப்ப முடியவில்லை. லேவாதேவிக்காரர்கள் விரும்பியது பணத்தை. வந்து சேர்ந்ததோ நிலம். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த அவர்கள் நிலம், 1938-க்குள் ஏறக்குறைய இருபத்தைந்து பங்காயிற்று. நிலமிழந்த உழவனின் கசப்பு வளர்ந்தது. 1942-இல் ஜப்பானியர் படையெடுத்து வந்தபோது எத்தனையோ தமிழர்கள் எல்லாவற்றையும் விட்டு, கால்நடையாகத் திரும்பினார்கள். நான் எவரையும் நியாயந்தீர்க்க இதை எழுதவில்லை. அழகப்பச் செட்டியாரின் கொடையால் உருவான கல்லூரிகளில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் என்னையே கேட்டுக்கொள்கிறேன்: பேரேட்டின் ஒவ்வொரு காசையும் கணக்கு வைக்கக் கற்பிக்கும் பயிற்சி, பேரேட்டுக்கு அப்பால் நிற்கும் மனிதனின் முகத்தைப் பார்க்கவும் கற்பிக்கிறதா?

மோசே ஒருவராகவே காலைமுதல் மாலைவரை ஜனங்களுக்கு நியாயம் விசாரித்துச் சோர்ந்தபோது, மாமனாகிய எத்திரோ வந்து, இப்படிச் செய்தால் நீயும் இளைத்துப்போவாய், ஜனமும் இளைத்துப்போகும் என்ற கருத்தில் எச்சரித்தார். பத்துப் பேருக்குத் தலைவர்முதல் ஆயிரம் பேருக்குத் தலைவர்வரை ஏற்படுத்தச் சொன்னார். அவர்களுக்கு அவர் சொன்ன தகுதிகள் நான்கு: திறமை, தேவபயம், உண்மை, பொருளாசையை வெறுத்தல். திறமையை வகுப்பில் கற்கலாம். மற்ற மூன்றையும் கற்பிக்கும் வகுப்புக்கு எந்தத் துண்டறிக்கையும் நான் கண்டதில்லை. அவற்றை நம் ஆட்கள் நம்மைப் பார்த்தே கற்கிறார்கள். எடையில் குறைக்கிறோமா, பழைய எண்ணெயை மறுபடி ஊற்றுகிறோமா என்று அவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

நேற்று அந்தச் சகோதரரின் பட்டறைக்குப் போயிருந்தேன். மூன்று துண்டறிக்கைகளும் இன்னும் அவர் மேசையில்தான் இருந்தன. ஆனால் சரக்கு வாங்கும் பணத்தையும் அலமாரிச் சாவியையும் அடுப்படி அக்காவிடம் கொடுத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. முதல் வாரம் அந்த அக்கா எண்ணெயைச் சற்றுக் கூடுதல் விலைக்கு வாங்கிவிட்டாராம். "வாய்வரை வந்துவிட்டது, ஐயா. அடக்கிக்கொண்டேன். மறுவாரம் அவரே நாலு கடையில் விசாரித்து வாங்கினார்" என்றார். பிறகு, "எதைக் கற்க ஆசை என்று கேட்டேன். கணக்கெழுத வேண்டும் என்கிறார். தமிழில் நடக்கும் வகுப்பாகப் பார்க்கப் போகிறேன்" என்றார்.

நானும் வீட்டுக்கு வந்து, பழைய முகவரிப் புத்தகத்தில் அந்தத் தம்பியின் எண்ணைத் தேடி எடுத்துப் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் மறுமுனையில் சத்தமில்லை. "அதையெல்லாம் நான் மறந்துவிட்டேன், ஐயா" என்றார். அவர் மறக்கவில்லை என்பது அந்த மௌனத்தில் எனக்குத் தெரிந்தது. இந்த ஆண்டு நம் அசன விருந்தின் கொள்முதலும் கணக்கும் வாலிபர் ஐக்கியத்தின் பொறுப்பு என்பதை இதன்மூலம் அறிவிக்கிறேன். குழம்பில் உப்புக் கூடினால் என்னிடம் வந்து சொல்லுங்கள், அவர்களிடம் வேண்டாம்.

அருமையானவர்களே, கடை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இதை எழுதவில்லை. சுயஉதவிக் குழுவின் கணக்கை ஆண்டுக்கணக்காக ஒருவரே வைத்திருக்கும் சகோதரிகளே, மருமகளிடம் அடுக்களையை விடத் தயங்கும் தாய்மாரே, வளர்ந்த மகனிடம் வங்கிப் புத்தகத்தைக் காட்டாத தகப்பன்மாரே, இந்த வாரம் உங்கள் தலையணையைத் தூக்கிப் பாருங்கள். அங்கே எந்தச் சாவி இருக்கிறது? அதை எவர் கைக்குக் கொடுக்கலாம்?

ஜெபம்: ஆண்டவரே, தவறுவோம் என்று அறிந்தும் உமது வேலையை எங்களிடம் ஒப்படைத்தீர். நாங்களும் பிறரை நம்பவும், அவர்கள் தவறும்போது உடன் நின்று தாங்கவும் எங்களுக்குக் கிருபை தாரும். ஆமென்.