எந்தப் பிரிவை எடுப்பது?

பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் முன்பெல்லாம் நம்மிடம் வந்து, மருத்துவமா பொறியியலா என்று வினவுவர். இப்போதைய வினா வேறு. கணினி வலையமைப்புத் துறை ஒன்றே என்று எண்ணி மகனை அதில் சேர்த்துவிட்டு, அதனுள்ளே ரூட்டிங் என்றும் செக்யூரிட்டி என்றும் வயர்லெஸ் என்றும் கிளவுட் என்றும் அறைக்குள் அறையாகக் கதவுகள் இருப்பதைக் கண்டு மலைத்து நிற்கின்றனர். ஓதிக்கொடுத்துக் காலங்கழிக்கும் நம்மிடம் இதற்கு விடை தேடுவது விந்தைதான். ஆயினும் தேடுகின்றனர், நம் குடும்பத்திலேயே தேடினர்.

நம் தங்கையின் மகன் மின்னணுப் பொறியியலில் பட்டம் பெற்றவன். அவனுடைய சிறிய தந்தையார் துபாயிலிருந்து, "ஃபயர்வால் படிக்கச் சொல்லுங்கள், இங்கே அதற்குத்தான் கிராக்கி" என்று சொல்லியனுப்பினார். பயிற்சி நிலையம் ஒன்று அவனை ஆறே மாதத்தில் பாதுகாப்பு வல்லுநனாக்கித் தருவதாகக் கூறி ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்டது. தங்கை தன் வளையல்களைக் கழற்றி அடகுக்கு அனுப்ப ஆயத்தமாகிவிட்டாள். "காக்கா, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்றாள்.

ஒரு வார்த்தையில் அடங்கக்கூடியதன்று என்பதால், சில நாள் மருமகனை அருகிருத்தி, அவன் பாடநூல்களை அவன் வாயாலேயே நமக்கு விளக்கச் செய்தோம். பாடம் கேட்டவன் பாடம் சொல்லும்போதுதான் அவன் அறிந்ததும் அறியாததும் வெளிப்படும். மதரஸாக்களில் நாம் கண்ட பழைய வழி இது.

"ஃபயர்வால் என்ன செய்யும்?"

"வரும் பாக்கெட்டை உள்ளே விடும், அல்லது தடுக்கும் மாமா."

"எதைப் பார்த்து?"

"முகவரியையும் போர்ட் எண்ணையும் பார்த்து."

"அந்த முகவரியில் எதுவரை வலையமைப்பைக் குறிக்கிறது? எங்கிருந்து தனிக் கணினியைக் குறிக்கிறது?"

இவ்விடத்தில் தடுமாறினான். சப்நெட் கணக்கு அவனுக்குக் கைவரவில்லை.

ஸர்பும் நஹ்வும் அறியாதவனை எவரும் ஹதீஸ் கலையில் தகஸ்ஸுஸுக்கு அமர்த்துவதில்லை. வலையமைப்புக் கல்விக்கும் அத்தகைய இலக்கணம் ஒன்றுண்டு. 32 பிட்டுகளால் ஆகி, ஏறத்தாழ 430 கோடி முகவரிகளோடு நின்றுவிடும் பழைய முகவரிமுறை, அது போதாமையால் எழுந்த 128 பிட்டு முறை, 1984-இல் வெளியான ஏழு அடுக்கு மாதிரி ஆகியன அதன் முதற்பாடங்கள். சுவிட்சுகளை இணைக்கும் கம்பிகள் வட்டமாக வளைந்து சேர்ந்துவிட்டால், செய்திகள் முடிவின்றிச் சுழன்று அலுவலகம் முழுவதையும் முடக்கிவிடும். அதனைத் தடுக்கும் நெறியை 1985-இல் வகுத்தளித்தவர் ராடியா பெர்ல்மன் என்னும் அம்மையார். ஒரு நிறுவனத்தின் வலையமைப்பு மற்றொன்றுக்கு 'என்னை அடைய இதுவே வழி' என்று அறிவிக்கும் பி.ஜி.பி. என்ற நெறி 1989-இல் பிறந்தது. திருத்தங்கள் பல பெற்றும் இவை இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

பிரிவுகளின் பெயர்களுக்கோ இத்தனை ஆயுள் கிடையாது. சிஸ்கோ நிறுவனம் தன் தொடக்கநிலைச் சான்றிதழை வயர்லெஸ், செக்யூரிட்டி, டேட்டா சென்டர் எனக் கிளைகிளையாக வழங்கி வந்தது. 2020 பிப்ரவரி 24 அன்று அக்கிளைகளை நீக்கி, சி.சி.என்.ஏ. என்ற ஒரே தேர்வாக்கிவிட்டது. பெற்ற சான்றிதழும் மூன்றாண்டுக்கே செல்லும். பின்பு புதுப்பித்தாக வேண்டும். அடகுக்கடையின் வட்டிக்கு அப்படியொரு காலவரம்பு இல்லை என்பதைத் தங்கைக்கு எடுத்துரைத்தோம்.

2021 அக்டோபர் 4 அன்றிரவு வாட்ஸ்அப் ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஊமையாகிக் கிடந்தது. வளைகுடாவிலுள்ள கணவரின் குரல் கேளாமல் நம் பெண்மக்கள் பலர் கலங்கியிருந்த இரவு அது. திருடன் எவனும் நுழையவில்லை. ஃபேஸ்புக் நிறுவனத்தார் பராமரிப்புப் பணியில் இட்ட ஒரு கட்டளை அவர்களின் முதுகெலும்பு வலையமைப்பையே துண்டித்தது. பெயரை முகவரியாக்கித் தரும் அவர்களின் கணினிகளுக்குரிய வழி அறிவிப்புகளும் பி.ஜி.பி.யிலிருந்து விலகிக்கொண்டன. செக்யூரிட்டி மட்டும் கற்று ரூட்டிங் அறியாதவன் அவ்விரவில் அங்கே இருந்திருப்பின் என்ன செய்திருப்பான் என்று மருமகனைக் கேட்டோம். அவன் சிரித்தான்.

நிற்க. இலக்கணம் கற்றபின் எப்பிரிவு? ஊதியப் பட்டியலைப் பார்த்துத் தெரிவதைவிட, எவ்வகைத் தொல்லையைத் தன்னால் சலிப்பின்றிச் சுமக்க இயலும் என்று மாணவன் தன்னையே கேட்டுக்கொள்வது மேல் என்பது நம் துணிபு. செக்யூரிட்டி, ஐயப்படுவதையே இயல்பாகக் கொண்டவர்க்கு உரியது. பல்லாயிரம் வரிப் பதிவேடுகளில் ஒவ்வாத ஒரு வரியைத் தேடும் பொறுமை வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்கிந்தி, எழுத்துகள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணியே மறைமொழியை உடைக்கும் வழியை எழுதிவைத்தார். அந்த எண்ணும் பொறுமைதான் இது. டேட்டா சென்டரிலும் தொலைத்தொடர்பு நிறுவனங்களிலும் மாற்றங்களைப் பெரும்பாலும் ஊர் உறங்கிய பின்னரே செய்வர். இரவுத் தூக்கத்தை இழக்க மனமில்லாதவர் அப்பக்கம் போக வேண்டா. கிளவுடில் கம்பியும் பெட்டியும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சப்நெட் அங்கும் விடாது. பைத்தானில் எழுதும் ஆட்டோமேஷனைத் தனிப்பிரிவென்று சிலர் சொல்கின்றனர்; நாம் அதனை எல்லாக் கறிக்கும் வேண்டிய உப்பென்றே கொள்வோம்.

வயர்லெஸ் கால்நடையாகச் செய்யும் தொழில். சுவர் சுவராக நடந்து அலையின் வலிமையை அளக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்னும் மூன்று சேனல்களே. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலையில்தான் இயங்குகிறது. சோற்றைச் சூடாக்கும் நேரத்தில் இணைப்புத் தள்ளாடும்.

வளையல்கள் தங்கையின் கையிலேயே இருந்தன. பேக்கட் டிரேசரும் வயர்ஷார்க்கும் காசின்றிக் கிடைக்கும் மென்பொருள்கள். மருமகன் அவற்றைக்கொண்டு வீட்டிலிருந்தே படித்துச் சி.சி.என்.ஏ. தேறினான். பிறகு மருத்துவமனைகளுக்கு வலையமைப்பு நிறுவித்தரும் சிறு நிறுவனமொன்றில் குறைந்த சம்பளத்தில் அமர்ந்தான். எக்ஸ்ரே அறையின் ஈயத்தகடு பதித்த சுவருக்கு அப்பால் அலை போகாமையைக் கண்டு, இரண்டு நாள் அக்கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தானாம். சோறுகூட நினைவில்லை என்று தங்கை குறைப்பட்டுக்கொண்டாள். இப்போது வயர்லெஸ்ஸில் மேல்நிலைத் தேர்வுக்குப் படித்துவருகிறான். துபாயிலுள்ள சிறிய தந்தையாருக்கு இதில் இன்னும் மனக்குறைதான். தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம், "ஃபயர்வாலை எப்போது தொடுவான்?" என்று கேட்கிறார். அவன் ஏணியில் நிற்கிறான் என்று தங்கை விடை சொல்கிறாள்.