தாய் என்னும் முகமூடி

தமிழ்க் கதைகளிலும் திரைப்படங்களிலும் தாய்க்குக் கிடைக்கும் மதிப்புப் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. இரண்டும் ஒன்றுதானே என்று கேட்போர் உளர். ஒன்றல்ல என்பதை ஆராய்ந்து காட்டியவர் சி. எஸ். லட்சுமி. வாசகர்கள் அவரை ‘அம்பை’ என்னும் சிறுகதை ஆசிரியராக அறிவர். 2021 ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருதும் சிறுகதைகளுக்கே கிடைத்தது. ஆய்வாளரான லட்சுமியை நம்மவர் போதிய அளவு படிக்கவில்லை என்பது நம் எண்ணம்.

1984 இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய நூலின் பெயரை ‘முகமூடிக்குப் பின்னுள்ள முகம்’ எனத் தமிழாக்கலாம். தமிழில் எழுதிய பெண்களைத் தேடிப் படித்தும், பலரை நேரிற் கண்டு உரையாடியும் செய்த ஆய்வு அது. எழுதுபவள் பெண்ணேயாயினும், பொறுமை, கற்பு, தியாகம் எனப் பிறர் வரைந்து வைத்த முகத்தையே பெரும்பாலும் அணிந்துகொண்டாள் என்பது அதிலிருந்து நாம் கொண்ட பொருள். 1990 இல் எழுதிய கட்டுரையொன்றில், தமிழ்நாட்டு அரசியலில் தாய் என்னும் உருவம் படும் பாட்டை அவர் ஆராய்ந்தார். மேடையில் மொழியே தாயாகிறது. திரையில் மகன் தாயின் மானம் காக்கிறான். மகளுக்கு அங்கே வேலை குறைவு.

கிளிவெட்டியில் உயர்தர வகுப்பு மாணவியர் சிலரிடம், திரையிற் கண்ட ஒரு தாயைப் பற்றி எழுதச் சொன்னோம். வந்த கட்டுரைகளில் தாய்மார் அனைவரும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்தார்கள்! இருமினார்கள்; மகனைப் படிக்க வைத்தார்கள்; கடைசியில் அவன் மடியில் உயிர்விட்டார்கள். ஒருத்தி மட்டும் தாளின் அடியில் ஒரு வினாவை எழுதியிருந்தாள்: “ஐயா, அந்த அம்மாவின் காணி யார் பெயரில் இருந்தது?”

இவ்வூர்ப் பக்கத்தில் அது விளையாட்டு வினாவன்று. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாத ‘பெர்மிற்’ காணி பிள்ளைகளுக்குச் சேரும்போது மகன்மாருக்கே முதலிடம். அந்த வரிசை திருத்தப்பட்டது 2022 இலேதான். 2006 இல் சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்காய் வாழ்ந்தன. நிவாரண வரிசையிலும் கச்சேரி வாசலிலும் நின்று குடும்பத்தைக் கரைசேர்த்த பெண்கள் அங்கே பலர். அவர்களையும் நாம் தாய் என்று போற்றினோம். போற்றுதல் செலவில்லாத காரியம்.

திரை எக்காலத்தும் இப்படியே இருந்ததென்றும் சொல்வதற்கில்லை. கல்கியின் ‘தியாக பூமி’ 1939 இல் ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருக்கையிலேயே கே. சுப்ரமணியம் அதனைப் படமாக்கினார். கைவிட்ட கணவன் மனைவியை மீட்டுத் தரும்படி வழக்காடுகிறான். சாவித்திரியோ அவனுடன் வாழ மறுத்து, வேண்டுமானால் அவனுக்குத் தாமே ஜீவனாம்சம் தருவதாக நீதிமன்றத்திற் சொல்கிறாள். பின்வந்த தையல் இயந்திரத் தாய்மாருக்கு அந்த நாக்கு எங்கே போயிற்று?

1988 இல் லட்சுமி நண்பர்களோடு சேர்ந்து மும்பையில் ‘ஸ்பாரோ’ என்னும் பெண்கள் ஆவணக் காப்பகத்தை நிறுவினார். பெண்களின் குரல்களையும் படங்களையும் திரட்டி வைக்கும் இடம் அது. அதைச் சொல்லி, அவரவர் அம்மம்மாவிடம் கதை கேட்டு எழுதிவருமாறு மாணவியரைப் பணித்தோம். “என்னத்தைச் சொல்ல? வேளாண்மை வெட்டினன், பிள்ளை பெத்தன்” என்று ஒரு கிழவி முதல்நாள் துரத்திவிட்டாராம். மூன்றாம் நாள் அவரே பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறார். நாற்பது பக்கக் கொப்பியொன்று முடிந்து, இரண்டாவது நடக்கிறது. கலியாணம் வரை இன்னும் வரவில்லை.