வீட்டுக்கு அடியில் தொடங்கிய ஊர்த் திட்டம்

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையில் துடியலூரைத் தாண்டினால் பெரியநாயக்கன்பாளையம் வந்துவிடும். மேற்கே குருடிமலை, சாலையை ஒட்டியே ரயில் பாதை. ஊட்டிக்குப் போகிறவர்கள் நிற்காமல் கடந்துவிடும் ஊர்தான். ஆனால் கோவைக்காரர்களிடம் பேர் சொன்னால் உடனே இரண்டு அடையாளங்கள் சொல்வார்கள்: வித்யாலயா, எல்.எம்.டபிள்யூ.

தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1930-ல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயா பள்ளி, பாலிடெக்னிக், கல்லூரி என வளர்ந்தது. 1962-ல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் (எல்.எம்.டபிள்யூ.) நூற்பாலைகளுக்கு இயந்திரம் செய்து கொடுத்தது. படிப்பும் வேலையும் ஒரே இடத்தில் கிடைத்தால் ஜனம் வந்து சேரத்தானே செய்யும்? தோட்டங்கள் சைட்டுகளாயின, சைட்டுகளில் வரிசை வீடுகள் எழுந்தன. 2011 கணக்கெடுப்பில் பெரியநாயக்கன்பாளையம் பேரூராட்சியில் சுமார் 26 ஆயிரம் பேர். பக்கத்திலேயே ஒட்டியிருக்கும் நரசிம்மநாயக்கன்பாளையத்தில் சுமார் 18 ஆயிரம் பேர். ஒன்று எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்பது பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியாது.

இப்படி வளரும் ஊருக்கு என்ன தேவை என்று கேட்டால், கண்ணில் படுவதுதான் முதலில் வாயில் வரும். நெரிசல் எல்லோருக்கும் தெரிந்தது, மேம்பாலமும் வந்துவிட்டது. கண்ணில் படாத தேவையை யார் கேட்பார்கள்?

இந்த ஊர் மற்ற சிறுநகரங்களிலிருந்து வேறுபடுவது இந்த இடத்தில்தான். தமிழ்நாடு நகர்ப்புறச் சுகாதார ஆதரவுத் திட்டம், பெருநகருக்கு எடுத்துக்காட்டாகத் திருச்சியையும் சிறுநகருக்கு எடுத்துக்காட்டாக இந்த இரு பேரூராட்சிகளையும் எடுத்துக்கொண்டது. கேட்ஸ் அறக்கட்டளை பண உதவி செய்தது; இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஃபார் ஹ்யூமன் செட்டில்மென்ட்ஸ் நிறுவனம் தொழில்நுட்பப் பொறுப்பை ஏற்றது. பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் கழிப்பறைக் கழிவு எங்கே போகிறது? இந்தக் கேள்வியோடு வீடு வீடாகப் போனார்கள்.

பெரும்பாலான வீடுகளில் கிடைத்த பதில், ‘செப்டிக் டேங்க் இருக்கு’. எப்படிக் கட்டியிருக்கிறது என்று விசாரித்தபோதுதான் நிலைமை புரிந்தது. முறையான செப்டிக் டேங்க்குக்கு நீர் கசியாத தளமும் சுவரும் வேண்டும். உள்ளே இரண்டு அறைகளாவது வேண்டும். கசடு எடுக்க மூடி வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அள்ள வேண்டும். ஊரில் பரவலாக இருந்தவையோ மண்ணில் ஆழமாகத் தோண்டி, கான்கிரீட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய குழிகள். அடியில் தளம் கிடையாது. தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடும், குழி லேசில் நிறையாது, வீட்டுக்காரருக்குச் செலவுமில்லை. பல வீடுகளில் குழியின் மேல் தளம் போட்டு ஓடும் பதித்துவிட்டார்கள். கசடு உறிஞ்சும் லாரி வந்தாலும் குழாயை எங்கே விடுவது?

நிறையாத குழியைத் தரமான குழி என்று ஊர் நம்பியது. உண்மையில் அது நிலத்தடி நீருக்குள் கழிவை விட்டுக்கொண்டிருக்கும் குழி. நாலு வீடு தள்ளி ஒருவர் போர் போட்டிருந்தால், அந்தத் தண்ணீரின் தரம் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை.

வீடு வீடாக எடுத்த கணக்கு கையில் வந்த பிறகு திட்டம் தெளிவானது. ஒவ்வொரு பேரூராட்சியும் தனித்தனியாகக் கசடு சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது வீண். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒன்று கட்டி, நரசிம்மநாயக்கன்பாளையம், வீரபாண்டி, கூடலூர் ஆகிய அக்கம்பக்கத்து ஊர்களும் சேர்ந்து பயன்படுத்துவது என முடிவானது. அள்ளிய கசடு வாய்க்காலிலோ காலி இடத்திலோ கொட்டப்படாமல் சேர ஓர் இடம் கிடைத்தது. கொத்தனார்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். குழியின் அளவையும் ஆழத்தையும் வீட்டுக்காரருக்குச் சொல்பவர் பெரும்பாலும் கொத்தனார்தான். அவருக்குத் தெரியாத விதி எந்த அரசாணையில் இருந்தும் பயனில்லை. உரிய பாதுகாப்பில்லாமல் கழிவுக்குழிக்குள் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. லாரிக் குழாய் எட்டும் இடத்தில் மூடி வைப்பது அந்தச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கும் அடிப்படை.

இந்த வேலை நல்ல தொடக்கம். ஆனால் ஊரின் மற்ற தேவைகளுக்கு இதே அக்கறை கிடைக்கவில்லை. கோவைப் பகுதிக்கான பெருந்திட்டம் 1994-ல் ஒப்புதல் பெற்றது. அடுத்த வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2024-ல். வயல் சைட்டானதும் ஓடைப் பள்ளங்களின் கரையில் வீடு ஏறியதும் இந்த இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில்தான் மும்முரமாக நடந்தன. மேற்கே வனத்துறையின் பெரியநாயக்கன்பாளையம் வனச்சரகம் இருக்கிறது. யானைகள் இரவில் அடிவாரத் தோட்டங்களுக்கு இறங்குவது இங்கே வழக்கமான செய்தி. அந்தப் பக்கம் வீடுகள் எதுவரை போகலாம், மழைநீர் இறங்கிவரும் பள்ளங்களுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதைச் சைட் போடுபவர் தீர்மானிக்கக் கூடாது. ஊர் முன்கூட்டியே வரைபடத்தில் குறித்து வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கான பேரூராட்சிகள் இருக்கின்றன. நிதி வந்ததும் என்ன கட்டலாம் என்று யோசிப்பதற்கு முன், ஒவ்வொன்றும் தன் வீடுகளையும் குழிகளையும் போர்களையும் பள்ளங்களையும் எண்ணிப் பதிவு செய்ய வேண்டும். புது வீட்டுக்கு வரைபட அனுமதி தரும்போதெல்லாம் அந்தப் பதிவேட்டைப் புதுப்பிக்க வேண்டும். பேரூராட்சி செய்யும் வரை காத்திராமல் வீடு கட்டுபவர்களும் ஒன்று செய்யலாம்: கொத்தனார் குழி தோண்டும் முன் கூப்பிட்டு, அடித்தளம், இரண்டு அறை, திறக்கக்கூடிய மூடி மூன்றும் வரைபடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேலையைத் தொடங்க விடாதீர்கள்.