சிவப்புச் சுங்குடிப் பொம்மை



சென்ற வாரம் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குக் கட்டுரைப் பயிற்சி அளித்தேன். தலைப்பு: 'நான் விரும்பும் விளையாட்டுப் பொருள்'. பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு மாணவி தலையை நிமிர்த்தி, "டீச்சர், உங்களிடம் பொம்மை இருந்ததா?" என்று கேட்டாள். "இருந்தது" என்று மட்டும் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகின்றேன்.

நான் வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில். அப்பா இரயில்வே ஊழியர். அம்மாவின் தாயார் கிள்ளானில் இருந்தார். 1976ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில் நான் அங்குச் சென்றிருந்தபோது, பாட்டி தம் பழைய சிவப்புச் சுங்குடிச் சேலையைக் கிழித்து எனக்கொரு பொம்மை தைத்துத் தந்தார். உள்ளே இலவம் பஞ்சு. கண்களுக்குத் தாத்தாவின் சட்டையிலிருந்து வெட்டிய இரண்டு கறுப்புப் பொத்தான்கள். ஒரு கண் சற்றே மேலேறியிருக்கும். அதனால் எப்போதும் ஏதோ சந்தேகம் கேட்பதுபோன்ற முகம். செல்லம் என்று பெயரிட்டேன். பாட்டியின் சந்தன வாசம் அதில் நெடுநாள் இருந்தது.

அக்காலத்தில் எங்கள் வரிசையில் ஒரே வீட்டில்தான் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. 1963 டிசம்பர் 28ஆம் நாள் நம் நாட்டில் ஒளிபரப்பு தொடங்கியபோது, அது முதலில் கோலாலம்பூர் வட்டாரத்தை மட்டுமே எட்டியது. 1969 நவம்பரில் இரண்டாம் அலைவரிசையும் வந்துவிட்டது. ஆனால் அலைவரிசை வந்துவிட்டால் பெட்டி வந்துவிடுமா? விலை ஒருபுறமிருக்க, ஆண்டுதோறும் 24 வெள்ளி உரிமக் கட்டணம் வேறு. (இன்றைய பிள்ளைகளிடம் தொலைக்காட்சிக்கு உரிமம் இருந்தது என்றால் சிரிக்கின்றார்கள்!) அப்பா அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார்.

அந்த வீட்டுப் பெட்டிக்கு நான்கு கால்கள், முன்புறம் இழுத்து மூடும் மரக்கதவு. கறுப்பு வெள்ளைப் படம்தான். வண்ணம் 1978 டிசம்பரில்தான் வந்தது. நாயகியின் சேலை பச்சையா, நீலமா என்று நாங்கள் சண்டையிட்டுக்கொள்வோம். யாருக்கும் விடை தெரியாது என்பதால் சண்டை ஓயவே ஓயாது.

தமிழ்ப் படம் வரும் நாளில் அவ்வீட்டுக் கூடம் நிறைந்துவிடும். இடம் கிடைக்காதவர்கள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நானோ குள்ளம். எனக்கு முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் முழுப் படமாகப் பார்த்திருக்கின்றேன். அவ்வீட்டுப் பெண் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஒரு மாலை வாசலில் நின்று, "அந்தப் பொம்மையைக் கொடு. முன்னால் உட்கார வைக்கிறேன்" என்றாள். ஒருநாளைக்குத்தான் என்று எண்ணிக் கொடுத்தேன். அல்ல, அவ்வாறு எண்ணியதாக இப்போது எழுதுகின்றேன். அது திரும்பி வராது என்று அன்றே எனக்குத் தெரியும்.

அன்று முதல் வரிசையில் அமர்ந்து படம் பார்த்தேன். என்ன படம் என்பது நினைவில்லை.

"செல்லம் எங்கே?" என்று அம்மா கேட்டபோது, கிள்ளானிலிருந்து வரும்போது பேருந்தில் தவறிவிட்டது என்றேன். அம்மா அதைப் பாட்டியிடம் சொல்லிவிட்டார். பாட்டியோ அதை அப்படியே நம்பினார். சந்தைக்குப் போகும் நாள்களிலெல்லாம் கிள்ளான் பேருந்து நிலையத்தில் நின்று, "சிவப்புத் துணிப் பொம்மை ஒன்று கிடைத்ததா ஐயா?" என்று நடத்துநர்களிடம் கேட்பாராம். ஒவ்வொரு முறை நாங்கள் சென்றபோதும், "இன்னும் கிடைக்கலம்மா" என்று என்னிடம் வருத்தத்தோடு சொல்வார். ஏதோ அவர்தான் தொலைத்துவிட்டதுபோல!

சில மாதங்கள் கழித்து அம்மாவும் ஒருநாள் அவ்வீட்டிற்குப் படம் பார்க்க வந்தார். பெட்டியின்மேல், பூச்சாடிக்குப் பக்கத்தில், செல்லம் உட்கார்ந்திருந்தது. கூடத்தில் விளக்கை அணைத்திருந்தார்கள். திரையின் வெளிச்சத்தில் அதன் சிவப்பு தெரியவில்லை. படத்திலுள்ள பொருள்களைப் போலவே சாம்பல் நிறமாக இருந்தது. அம்மா அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. படம் முடிந்து வீடு திரும்பும்போது என் கையைப் பிடித்திருந்தார். வழக்கத்தைவிடச் சற்று இறுக்கமாக.

பாட்டி 1981இல் காலமானார். அவரிடம் உண்மையைச் சொல்லும் துணிவு எனக்கு இறுதிவரை வரவில்லை. நாங்கள் வாழ்ந்த வீட்டு வரிசையும் இன்று இல்லை.

அன்று பள்ளி முடிந்து வீடு திரும்பியதும் அம்மாவிடம் அந்த மாணவியின் கேள்வியைச் சொன்னேன். அவருக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. "செல்லம் ஞாபகம் இருக்கிறதாம்மா?" என்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்:

"இல்லாம என்ன? பேருந்தில தொலைச்சியே, அதுதானே."